ரூ. 1,450க்கு 16 பக்கம் குறைந்த திகில் நாவல்: வேலூர் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டு நாவல்களைச் சமூக ஊடகப் பக்கம் ஒன்றின் வழியாக விற்கும் ஒருவரிடம் ரூ. 1,450 கொடுத்து ஏமாந்திருக்கிறேன். இன்று காலை அவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

இத்தகைய நாவல்கள் வேலூர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டும், அல்லது இப்படிப்பட்ட விற்பனையாளரை நம்ப வேண்டும். கொலைகாரன் ஒவ்வொருவராக வெட்டிக் கொல்லும் ஸ்லாஷர் படங்களில் வருவது போன்ற கொலைவெறியனிடமிருந்து தப்பிய பெண்கள் பல ஆண்டுகளுக்குப் பின் என்ன ஆனார்கள் என்பதே கதை என்று அவர் விற்ற நாவல் ஒன்றின் விளம்பரத்தில் இருந்தது. 1978இல் வந்த 'ஹாலோவீன்' படத்தில் உயிர் பிழைத்த லாரி என்ற பெண்ணைப் பின்வந்த படங்களில் மீண்டும் மீண்டும் அதே கொலைகாரன் முன் கொண்டுபோய் நிறுத்தினார்களே தவிர, அவளை நிம்மதியாக வாழ விடவில்லை. ஆகவே இதுவும் வெறும் வெட்டுக்குத்துதானா என்று தொலைபேசியில் கேட்டேன். "இல்ல சிஸ்டர், தப்பிச்சவங்க மனசைப் பத்தின கதை. நானே ரெண்டு ராத்திரி தூங்கல" என்றார். தான் விற்கும் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசும் வியாபாரி கிடைத்துவிட்டார் என்ற மகிழ்ச்சியில், அந்த அழைப்பு முடிந்த கையோடு ரூ. 1,450 அனுப்பினேன்.

சத்துவாச்சாரி முகவரிக்கு வந்த நாவல் ஏமாற்றமாகவே இருந்தது. அந்தப் பெண்களின் அச்சமும் குற்றவுணர்வும் தொடக்கத்தில் சில அத்தியாயங்களோடு மறைந்து, பிறகு துரத்தலும் ஓட்டமுமே மிஞ்சுகின்றன. ஒருத்தியின் பேச்சை இன்னொருத்தியின் வாயில் வைத்தாலும் வேறுபாடு தெரியாது. கொலையாளி யார் என்பதைப் பாதிக்கு முன்பே ஊகித்துவிடலாம். அது எழுத்தாளரின் குறை, அதற்காக நான் யாரிடமும் பணம் கேட்கவில்லை. ஆனால் 225 முதல் 240 வரையிலான பக்கங்கள் இருமுறை கட்டப்பட்டு, 241 முதல் 256 வரை இல்லவே இல்லை. ஒரு முழு ஃபாரம், அதாவது ஒன்றாக அச்சிட்டு மடித்துக் கட்டும் 16 பக்கத் தொகுப்பு, மாறிப் போயிருக்கிறது. யாரை வெட்டினார்கள், யார் தப்பினார்கள் என்று தெரியாமலேயே இறுதிக் கட்டத்துக்குள் போய் விழ வேண்டியிருக்கிறது. திகில் என்று சொல்லத்தக்கது அந்த நூலில் இது ஒன்றுதான்.

அதைப் படம் எடுத்து அனுப்பியதும், அச்சகத்தின் பிழை என்பதால் பதிப்பகத்தைக் கேளுங்கள் என்றார் விற்பனையாளர். பிறகு, பார்சலைப் பிரிக்கும்போது காணொளி எடுத்தீர்களா என்றார். பிரிப்பதைப் படம் பிடித்தால் உள்ளே 241ஆம் பக்கம் இல்லாதது எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்து, நாவல் சுமார்தான் என்று பேச்சுவாக்கில் நான் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். "கதை பிடிக்கலைன்னா காசு திருப்பித் தர மாட்டோம் சிஸ்டர்" என்று, 16 பக்கம் காணாமற்போனதையே என் ரசனைக் குறைவாக மாற்றிவிட்டார். அவருடைய பக்கத்தில் நான் இட்ட கருத்தும் நீக்கப்பட்டது. ரூ. 1,450 அவரிடமே இருக்கிறது. மாற்றுப் பிரதியும் வரவில்லை.

வாங்குவோர் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. முகவரியும் குறைதீர் அலுவலர் பெயரும் இல்லாத பக்கத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். புத்தகம் வந்த அன்றே பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. புகார் செய்யும்போது கதை எப்படி இருந்தது என்று ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நான் அங்கேதான் போகப்போகிறேன்.