யானைக்குத் துவக்கா, வெடியா, வேலியா?

பெரும்போகக் கதிர் முற்றும் காலத்தில் மட்டக்களப்பின் வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் ஒரே பேச்சுத்தான்: யானை. வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்குவது போதாதென்று வீட்டுச் சுவரை இடித்து நெல் மூட்டையையும் இழுக்கிறது. "பெர்மிட் எடுத்து ஒரு துவக்கு வைப்பமா?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் துவக்குக்கு வேலை சில கிழமைகள். அது வீட்டில் கிடப்பதோ வருடம் முழுக்க.

யானையைச் சுடுவது சட்டப்படி குற்றம். வேட்டைத் துவக்கின் சன்னம் அதைச் சாய்க்காது, காயப்படுத்தி வெறியேற்றும். மேலே பார்த்துச் சுட்டு விரட்டலாம் என்றால், அந்தச் சத்தத்துக்கு, யானை விரட்டவென்றே கொளுத்திப் போடும் யானை வெடியே போதும். காட்டுப்பன்றி விஷயத்தில் மட்டும் துவக்குக்கு ஓர் இடம் உண்டு.

வீட்டுக்குள் என்ன ஆபத்து? அமெரிக்காவில் பல ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வந்த அலசல், துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்குத் தற்கொலை அபாயம் சுமார் மூன்று மடங்கு, கொலைக்கு இரையாகும் அபாயம் இரண்டு மடங்கு என்கிறது. அந்த ஊர்க் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் காரணம் நமக்குத் தெரிந்ததே. 1990களின் நடுவில் இலங்கையில் தற்கொலை உச்சத்தில் இருந்தது. கொடிய பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்யச் செய்ய எண்ணிக்கை வெகுவாக இறங்கியது. கடனும் குடியும் சண்டையும் ஒழிந்துவிடவில்லை. மனம் உடைந்த அந்த ஒரு மணித்தியாலத்தில் கைக்கெட்டியது குறைந்தது, அவ்வளவுதான்.

சரி, பூட்டி வைத்தால்? துவக்கைப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் பூட்டினால் பிள்ளைகளுக்கு ஆபத்து குறைகிறது என்று 2005இல் இன்னோர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் நடுச்சாமத்தில் சுவர் இடிபடும்போது யார் இரண்டு சாவி தேடுவது? பாதுகாப்பாக வைத்தால் அவசரத்துக்கு உதவாது. அவசரத்துக்குத் தயாராக வைத்தால் பிள்ளைக்கும் தயார்.

யானை வெடி வனஜீவராசிகள் திணைக்களம் கொடுப்பது. திரி வேகமாக எரிந்தால் விரல் போகும், பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள். யானையும் சத்தத்துக்குப் பழகிவிடும். ஆகவே அது தற்காலிகம்.

என் வாக்கு வேலிக்கு. காட்டோரத்தில் போட்டுப் பராமரிக்காமல் விட்ட வேலியைச் சொல்லவில்லை. குருநாகல் மாவட்டத்தில் சில ஊர் விவசாயிகள் செய்வதுபோல, விதைத்ததும் வட்டையைச் சுற்றிக் கட்டி, அறுவடையானதும் சுருட்டி வைக்கும் மின்வேலி. கருவி விட்டுவிட்டுத் தரும் அதிர்ச்சி யானையைத் திருப்பும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது வேறு கதை. அது மனிதரையும் மாட்டையும் சேர்த்தே கொல்லும், துவக்கைவிட மோசம்.

வேலிக்கு ஊர் ஒற்றுமை வேண்டும், கஷ்டம்தான். அதுவரைக்கும் நெல் மூட்டையைப் படுக்கும் அறையில் அடுக்காமல் இருக்கலாம். ஏற்கெனவே துவக்கு வைத்திருப்பவர்கள் அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கத்தானே வேண்டும். போன போகத்தில் அதை எத்தனை தடவை வெளியே எடுத்தோம் என்று அந்தப் படிவத்தை நிரப்புமுன் வீட்டாரோடு இருந்து பேசிப் பாருங்கள்.