வீட்டு பீரும் பாட்டிலில் ஏறாத கேஸும்: ஆறு வருட அனுபவம்

மெல்பர்னில் வீட்டிலேயே பீர் காய்ச்ச ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது (விற்காமல் நாமே குடிக்கிற வரை இங்கே சட்டச் சிக்கல் இல்லை). பீர் என்னவோ நன்றாகத்தான் வந்தது, பாட்டிலில் அடைத்த பிறகு கேஸ் ஏறுவதில்தான் முதல் இரண்டு வருடம் திண்டாடினேன். ஒரு பாட்டில் நீராகாரம் மாதிரி சப்பென்று இருக்கும், அதே பேட்சில் அடுத்தது புஸ்ஸென்று பொங்கி மேசையெல்லாம் ஓடும்.

முதலில் வாங்கியது கூப்பர்ஸ் கார்பனேஷன் டிராப்ஸ். மிட்டாய் மாதிரி இருக்கும் சர்க்கரை உருண்டை, பீரில் மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் மூடிய பாட்டிலுக்குள் அதைத் தின்று கேஸ் உண்டாக்கும். 375 மில்லிக்கு ஒன்று, 750க்கு இரண்டு. அளக்கிற வேலையே இல்லை, புதியவர்களுக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 500 மில்லி பாட்டிலுக்கு ஒன்று போட்டால் குறைவு, இரண்டு போட்டால் அதிகம். சரி என்று ஸ்பூனுக்கு மாறினேன். ஒரு பாட்டிலுக்குத் தலை தட்டி, அடுத்ததற்குக் கோபுரமாக விழும். அதுவும் வேலைக்கு ஆகவில்லை.

இப்போது 20 லிட்டருக்கும் மொத்தமாக 130 கிராம் வெள்ளைச் சர்க்கரை. கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, காலிப் பாத்திரத்தின் அடியில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியாக இறக்குகிறேன். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை போட்டால், பீரின் கொள்ளளவுக்குச் சமமான கேஸ் கிடைக்கும். 20 டிகிரியில் நொதித்த பீரில் ஏற்கெனவே 0.85 மடங்கு கரைந்திருக்கும். என் 130 கிராம் லிட்டருக்கு 6.5 கிராம் ஆகிறது, அப்போ மொத்தம் ஏறக்குறைய 2.5 மடங்கு, பேல் ஏல் வகை பீருக்கு அது கச்சிதம். கேஸ் குறைவாக இருக்க வேண்டிய இங்கிலீஷ் பிட்டர் வகைக்கு லிட்டருக்கு 4, 5 கிராமே போதும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) என்றால் பத்து சதவீதம் கூடப் போட வேண்டும். ஒன்று, பாகு அடியிலேயே தங்கிவிடும், மெதுவாகக் கலக்கிவிடுங்கள். நுரைக்க அடித்துக் கலக்கினால் ஆக்சிஜன் ஏறி அட்டை வாசம் வரும்.

வெடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆறாவது நாள் ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியைக் காட்டும் மிதவை, சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும்) 1.018 காட்டியது, குமிழி நின்றுவிட்டதே என்று அடைத்துவிட்டேன். உள்ளே இன்னும் நொதிக்கச் சர்க்கரை மீதம் இருந்திருக்கிறது. மூன்றாவது வாரம் நடு ராத்திரியில் கராஜில் டமார். போய்ப் பார்த்தால் கண்ணாடிச் சில்லு அட்டைப்பெட்டியைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. மீதிப் பாட்டில்களைக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டு, துண்டால் சுற்றித்தான் திறந்தேன். அதிலிருந்து மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, எண் அசையவில்லை என்றால் மட்டுமே மூடி போடுகிறேன்.

ஜூலைக் குளிரில் வேறு கூத்து. மூன்று வாரமாகியும் கேஸே இல்லை. மூடியைச் சந்தேகப்பட்டேன், சர்க்கரையைச் சந்தேகப்பட்டேன், நன்றாக இருந்த மூடி அழுத்தும் கருவியைக்கூட மாற்றினேன். கராஜில் வெப்பநிலை 10 டிகிரி என்பது உறைக்கவே இல்லை! ஈஸ்ட் தூங்கிவிட்டது, அவ்வளவுதான். பெட்டிகளை ஹீட்டர் இருக்கிற அறைக்குக் கொண்டுவந்து, பாட்டில்களை ஒருமுறை தலைகீழாக்கி அடிவண்டலை எழுப்பிவிட்டேன், பத்தே நாளில் சரியானது. இப்போது 20, 22 டிகிரியில் இரண்டு வாரம் வைக்காமல் எதையும் தொடுவதில்லை.

எனக்கு அதிகம் உதவியது காசே ஆகாத ஒரு விஷயம். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பாட்டில் மட்டும் பழைய சோடா பிளாஸ்டிக் பாட்டில். அடைத்த அன்று அமுக்கினால் உள்ளே போகும், கேஸ் ஏற ஏற கல் மாதிரி இறுகும், கண்ணாடிப் பாட்டில்களின் நிலைமையும் அதுதான் என்று தெரிந்துவிடும். அப்புறம் ஃப்ரிட்ஜில் இரண்டு நாளாவது வையுங்கள். குளிர்ந்தால்தான் கேஸ் பீரில் கரைந்து நிற்கும், அவசரப்பட்டால் எல்லாம் நுரையாகப் போய்விடும். கம்பி மூடி பாட்டில்கள் அழகுதான், ஆனால் நாலாவது வருடம் ரப்பர் வளையம் தட்டையாகி கேஸ் கசிந்தது. வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.

போன மாதம் நண்பர் வந்தபோது நுரையே நிற்கவில்லை. பேட்ச் போச்சு என்று நினைத்தேன். பார்த்தால் காலையில் மோர் குடித்த கிளாஸ், அந்தப் பிசுக்கு போகவில்லை. வேறு கிளாஸில் ஊற்றியதும் இரண்டு விரல் உயரம் நின்றது.