ஒன்றியப் பள்ளியில் ஒரு வருடம்: சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு

மகனை டவுன் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து, எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்து ஒரு வருடம் ஆகிவிட்டது. என் தையல் கடைக்கு வருகிற அம்மாக்கள், "எப்படி இருக்கு, எங்க பிள்ளையையும் சேர்க்கலாமா?" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில், ஏன் எடுத்தேன் என்பது. கடன் வாங்கிக் கழித்தல் நடத்தியபோது அவன் எழுந்து, "பக்கத்து வீட்டுல கடன் வாங்குறோம்ல மிஸ், எப்பத் திருப்பிக் கொடுப்போம்?" என்று கேட்டிருக்கிறான். அன்று மாலை டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி வந்தது: தேவையில்லாத கேள்வி கேட்டு வகுப்பைக் கெடுக்கிறான், பெற்றோர் கையெழுத்திடவும். போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு இரண்டு மாதம் அவன் பள்ளியைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

இங்கே சேர்த்த புதிதில் ஒருநாள் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கப் போய், வகுப்பு வாசலில் நின்றேன். பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கையில் தென்னை ஈர்க்குச்சிகள், பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள். 52-இல் 37 போக வேண்டும். உதிரியாக இருப்பது இரண்டே குச்சி. என் மகன் அதே கேள்வியைக் கேட்டான். டீச்சர் ஒரு கட்டை அவன் கையில் கொடுத்து, "ரப்பரை எடு" என்றார். குச்சிகள் பாயில் சிதறின. "கடன் யாருகிட்டயும் வாங்கலடா. நம்ம கட்டைத்தான் நம்ம அவுத்தோம். இப்ப எண்ணு." அவன் பன்னிரண்டு எண்ணினான். எனக்கே அன்றுதான் அந்தக் கணக்கு புரிந்தது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்துகிறார்கள். வாசிப்பில் இவன் அரும்பில் ஆரம்பித்து இப்போது மலரில் இருக்கிறான். காலை உணவு நன்றாகவே இருக்கிறது. கழிப்பறைக்குத் தண்ணீர் சில நாள் வருவதில்லை.

என் அண்ணன் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. பொதுப் பள்ளி என்பதே தலையாட்டுகிற அடிமைகளை உருவாக்க வெள்ளைக்கார அதிகாரி மெக்காலே போட்ட திட்டம் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். நான் பி.ஏ. வரலாறு படித்தவள், அதனால் இதைச் சும்மா விட மனம் வரவில்லை. மெக்காலே 1835-இல் எழுதிய குறிப்பு, ஆளுகிறவர்களுக்கும் மக்களுக்கும் நடுவே மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு சிறு வகுப்பை உருவாக்குவது பற்றியது. மக்கள் எல்லோருக்கும் கல்வி கொடுக்கத் தங்களிடம் வசதியில்லை என்று அவரே அதில் சொல்கிறார். எங்கள் ஊர்ப் பள்ளி அவர் கேட்டதல்ல. அதற்கு முந்தைய காலம் பொற்காலமும் அல்ல. அன்றைய ஆளுநர் மன்றோ எடுத்து 1826-இல் தெரிவித்த கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. படித்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர்தான். அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். திண்ணைப் பள்ளியில் கோதண்டத்தில், அதாவது மேலே கட்டிய கயிற்றில், தொங்கவிட்டுத்தான் அடக்கினார்கள்.

ஆனால் அண்ணன் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு நேர்மையாக இருக்காது.

போன நவம்பரில் ஒருநாள் மகன் ஓடிவந்து, "அம்மா, நான்தான் லீடர்! இன்னைக்கு ஏழு பேர் பேர் எழுதினேன்" என்றான். கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, கீழே பெயர்கள், திரும்பப் பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி. நான் படித்தபோதும் இதேதான். கேள்வி கேட்டதற்காக டைரியில் எழுதப்பட்ட பிள்ளை இப்போது மற்ற பிள்ளைகளை எழுதுகிறான், அதுவும் சந்தோஷமாக. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நாங்க ரெண்டு பேரு, அஞ்சு வகுப்பு. ஒருத்தர் எமிஸ் வெப்சைட்ல பிள்ளைங்க விவரத்தைப் பதிவு போட உட்கார்ந்தா இன்னொருத்தர் எல்லாத்தையும் பார்க்கணும். அந்த நேரத்துல யாராவது பார்த்துக்கணும்ல, நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்.

எனக்கு உடனே சென்னை எழும்பூர் ஞாபகம் வந்தது. 1790-களில் அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் விடுதியிலும் செய்ய நினைத்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால் எட்டு வயதுப் பையன் ஒருவனையே சொல்லிக்கொடுக்க வைத்தார். ஒரு பெரியவர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவே மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் மாணவர்களான சட்டாம்பிள்ளைகள்: செலவு மிகக் குறைவு. 1797-இல் அதைப் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள்வரை போனது. பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் 1763-இல் அரசன் போட்ட பள்ளிச் சட்டத்தில் கீழ்ப்படிதல் ஒரு நோக்கமாகவே இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் அப்படி யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. ஆள் போதவில்லை, அதனால் வாயை மூடச் சொல்கிறார்கள். அதே டீச்சர் பன்னிரண்டு பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தபோது குச்சிக்கட்டை அவிழ்க்கச் சொன்னவர்தான்.

பள்ளியில் இப்போது 63 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60-ஐத் தாண்டினால் மூன்று ஆசிரியர் இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். மூன்றாவது ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் எழுதி அனுப்பியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. பெயர் எழுதும் பழக்கத்தை மட்டும் தலைமையாசிரியர் நிறுத்திவிட்டார். ஆள் இல்லாத நேரத்தில் நூலகப் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். சத்தம் இருக்கத்தான் செய்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். தாராளமாகச் சேர்க்கலாம். சேர்த்தால் குழுக் கூட்டத்துக்கும் வாருங்கள், அடுத்தது வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு.