நோயுற்ற முயலும் இரண்டு லிட்டர் வெந்நீர்ப் பையும்

முதுகுவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒத்தடம் கொடுப்பதற்கென்று மருந்துக்கடைகளில் தொங்கும் சாதாரண ரப்பர் வெந்நீர்ப் பையை, சென்ற ஜனவரியில் எங்கள் வீட்டு முயலுக்காக வாங்கினேன். விலை 350 ரூபாய். கொள்ளளவு இரண்டு லிட்டர். உதகமண்டலத்தில் அந்த மாதத்து இரவுகளில் புல்வெளியெல்லாம் உறைபனி படிந்துவிடும் என்பதால், இங்கே முயல் வளர்ப்பவர்களுக்கு நான் கண்டதைச் சொல்லிவைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பஞ்சுவுக்கு நான்கு வயது. அன்று காலை வைத்த புல் நண்பகல் வரை அப்படியே கிடந்தது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. உடலைக் குறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும் அளவுக்குப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. முயல் சுகமாக இருக்கும்போதும் பல்லை மெல்ல உரசும் என்றாலும், இது வலியின் ஓசை. காதுகளைத் தொட்டபோது சில்லென்றிருந்தன. முயலால் வாந்தி எடுக்க முடியாது; அதன் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும்; அரை நாள் உண்ணாமல் இருந்தாலே அதை அவசர நிலையாகக் கொள்ள வேண்டும். கால்நடை மருத்துவர் முதலில் பார்த்தது வயிற்றை அல்ல, உடல் வெப்பத்தை. ஆரோக்கியமான முயலுக்கு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டிய வெப்பம் பஞ்சுவுக்கு 37.4 தான் இருந்தது. குடல் அடைப்பு இல்லை, இயக்கம்தான் நின்றிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, தோலுக்கடியில் இளஞ்சூடான திரவமும் வலிக்கு ஊசியும் செலுத்தினார். உடல் சற்றுச் சூடேறிய பிறகே எங்களை அனுப்பினார். குளிர்ந்த உடம்பில் உணவைத் திணித்தால் குடல் அதை ஏற்காது, ஆகவே முதலில் சூடு, பிறகுதான் சிரிஞ்சில் கூழ் என்பது அவர் சொல்லியனுப்பிய முறை.

அதுவரை நான் செய்துவந்ததெல்லாம் முயலை நெஞ்சோடு அணைத்துச் சால்வையால் போர்த்திக்கொள்வது மட்டுமே. அது அன்பான செயல்தான்; ஆனால் நம் உடலின் உள்வெப்பமே ஏறக்குறைய 37 டிகிரிதான், தோலின் மேற்பரப்பில் அதற்கும் குறைவு. முயலின் இயல்பான வெப்பம் நம்முடையதைவிட அதிகம் என்பதால், அணைப்பு அதன் சூடு வெளியேறுவதைத் தடுக்குமே தவிர, குளிர்ந்துபோன முயலை அதன் இயல்பு நிலைக்குக் கொண்டுவரப் போதாது. அந்தக் குறையைத்தான் இந்தப் பை தீர்த்துவைத்தது.

கொதித்த நீரை அப்படியே ஊற்றக் கூடாது. குழாய் நீரைக் கலந்து, மணிக்கட்டின் உட்புறம் வைத்தால் இதமாகத் தெரியும் பதத்தில், பையின் மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்பி, எஞ்சிய காற்றை அழுத்தி வெளியேற்றிய பிறகு மூடியைத் திருகினேன். இப்படிச் செய்தால் பை விறைப்பாக நிற்காமல் துவண்டு கிடக்கும். மடியில் வைத்தால் மடியின் வடிவத்துக்கு வளைந்துகொள்ளும். இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான். தரையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தொடைமேல் பை, அதன்மேல் இரண்டாக மடித்த பருத்தித் துண்டு, அதன்மேல் முயல், முயலின் முதுகை மூடிய கம்பளி என்று வைத்துக்கொண்டேன். கீழிருந்து பையின் சூடும் பக்கவாட்டில் என் வயிற்றின் சூடும் அதற்குக் கிடைத்தன. அறைக்குள் எங்கள் மூச்சே புகையாகத் தெரிந்த அந்த இரவில், ஒருமுறை நிரப்பினால் இரண்டரை மணி நேரம் வரை பயன்படும் சூடு நின்றது.

தரையில் உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. முயலின் எலும்பு மெல்லியது, பின்கால் தசையோ வலிமையானது. திடுக்கிட்டு உதைத்தாலோ உயரத்திலிருந்து குதித்தாலோ முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடக்கும் என்று சிலர் செய்து காட்டுவார்கள். அது நிம்மதியல்ல, வேட்டை விலங்கின் வாயில் அகப்பட்ட இரையின் அச்சம். நோயுற்ற முயலுக்கு அதைச் செய்யவே கூடாது. நெற்றியிலும் கன்னத்திலும் விரலால் மெல்லத் தடவிக்கொடுத்து, விலக நினைத்தால் விலகுவதற்கு ஒரு பக்கம் இடம் விட்டுவைத்தேன். சூடு அதிகமானால் தானே நகர்ந்துகொள்ள முடியாத அளவுக்குத் தளர்ந்த முயலாக இருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாம்தான் அடித்துணிக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். முயலுக்கு வியர்க்காது, காதுகள் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். காது சூடாகத் தொடங்கியதும் கம்பளியை எடுத்துவிட்டேன்.

இதற்கு முன் மின்சாரத்தில் சூடேறும் ஜெல் பை ஒன்றும் எங்களிடம் இருந்தது. அது சில நிமிடங்களிலேயே கை பொறுக்காத சூட்டுக்குப் போய்விடும். எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்று நாம் அமைக்க வழியில்லை. முயல் கண்ணில் பட்ட கம்பியையெல்லாம் கடிக்கும் பிராணி. செருகும் கம்பியுள்ள எதையும் அதன் அருகே விட்டுவிட்டுத் தூங்க என் மனம் ஒப்பவில்லை. மருத்துவரிடம் போகும் வழியில் மட்டும், வெந்நீர் நிரப்பிய குளிர்பான பாட்டிலைப் பழைய காலுறைக்குள் நுழைத்துக் கூடையில் வைத்திருந்தேன். பயணத்துக்கு அது போதும். மடிக்கு அது ஒத்துவராது, உருண்டுவிடும்.

ரப்பர் பையின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் நாள் ரப்பர் வாடை பலமாக இருந்தது. முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்த பிறகே பயன்படுத்த முடிந்தது. கூடவே வந்த உறை மிக மெல்லியது. நீரின் சூடு சற்றுக் கூடிவிட்டால், அதை நம்பி நேரடியாகத் தோலில் வைக்கும்போது சுட்டுவிடும். இரண்டாம் வாரத்தில் மூடியின் வாஷர் தளர்ந்து நீர் கசிந்தது. ஈரமான முயல் இன்னும் வேகமாகக் குளிரும் என்பதால் இது சின்னக் குறை அல்ல. பிரிட்டனில் பி.எஸ். 1970 என்ற எண்ணுள்ள தர அளவுகோலின்படி விற்கப்படும் பைகளில், தயாரித்த ஆண்டைக் காட்டும் பூ வடிவ முத்திரை ஒன்று அச்சாகியிருக்கும். பழைய பையை அடையாளம் கண்டு மாற்றுவதற்கு அது உதவும். நான் வாங்கிய பையில் தேதியே இல்லை. வாங்கிய நாளை அழியாத மையால் நானே எழுதிவைத்திருக்கிறேன்.

அன்றிரவு மூன்றாம் முறை பையை நிரப்பியபோது பஞ்சுவின் வெப்பம் 38.6 காட்டியது. பிறகுதான் சிரிஞ்சில் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயோரத்தில் விட்டேன், மென்று விழுங்கியது. விடியும் நேரத்தில், அதன் இணையான கறுப்பியைக் கூண்டிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் விட்டேன். அது பஞ்சுவின் காதை நக்கிவிட்டு, விலாவோடு விலாவாக ஒட்டிப் படுத்துக்கொண்டது. நான் பையை எடுத்துவிட்டுக் கம்பளியை மட்டும் விட்டுவைத்தேன். ஆறரை மணிக்குத் துண்டின்மேல் சிறிய, காய்ந்த நான்கு புழுக்கைகள் கிடந்தன.