மெட்ரோவா, மாநகரப் பேருந்தா: யாருக்கு எது எட்டும்?

வேகத்தில் சென்னை மெட்ரோவுக்குப் போட்டியே இல்லை. 2015-இல் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கிய மெட்ரோ, இன்று அண்ணா சாலை நெரிசலுக்கு அடியில் அலுங்காமல் போகிறது. மின்தூக்கி உண்டு, ரயிலில் ஏறி இறங்கப் படியில்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு நிலையத்துக்குள் சிக்கல் குறைவு. அதுவரை வரும் நடைபாதைதான் சோதனை. பாதியை பைக்குகள் பிடித்திருக்கும்.

போக்குவரத்து ஆய்வாளர்கள் கேட்பது வேறு. ஒருவர் தன் வீட்டிலிருந்து, கட்டுப்படியாகும் செலவில், முக்கால் மணி நேரத்தில் எத்தனை வேலையிடங்களை, மருத்துவமனைகளை எட்ட முடியும்? இந்தக் கேள்வியோடு சென்னையின் தெற்கு விளிம்பில் இருக்கும் பெரும்பாக்கம் போய்ப் பாருங்கள். நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. மெட்ரோவின் முதல் கட்டம் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. மயிலாப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பேருந்துதான் கதி. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மாதச் சம்பளத்தில் அது எவ்வளவு மிச்சம் என்று அவரைக் கேட்டால் பைசா சுத்தமாகச் சொல்வார்.

சரி, பேருந்திலும் குறை உண்டு: காத்திருப்பு, கூட்டம், உயரமான படி. 2024-இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் வந்தன, ஆனால் எல்லாத் தடத்திலும் இல்லை.

அரசிடம் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் என்றால் என் ஓட்டு பேருந்துக்கு. ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) இரண்டாம் கட்ட மெட்ரோ ஓடினாலும், பெரும்பாக்கத்துக்காரர் அந்தச் சாலையின் நிலையத்துக்குப் போக ஒரு பேருந்து வேண்டுமே!