போட்டோஷாப்பின் டெப்த் பிளர்: மேப்பை எடுங்கள், மங்கலை விடுங்கள்

மதுரைப் பக்கம் கல்யாண ஆல்பம் போடுகிறவர்களுக்குத் திருமலை நாயக்கர் மகால் தூண்கள் பழகிய பின்னணி. ஒன்றன்பின் ஒன்றாக உள்வாங்கிப் போகும் அந்த வரிசைதான் ஆழம் காட்டும் எந்தக் கருவிக்கும் சரியான பரீட்சை. போட்டோஷாப்பின் நியூரல் ஃபில்டர்ஸில் (ஏஐ ஃபில்டர்கள்) உள்ள டெப்த் பிளர் இதில் பாதிதான் தேறுகிறது. எது கிட்டே, எது தூரம் என்று அருமையாகக் கணிக்கிறது. ஆனால் அது போடும் மங்கலில் லென்ஸின் குணமே இல்லை, மெழுகு பூசின மாதிரி இருக்கிறது.

ஆகவே கணிப்பை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். படம் ஆர்ஜிபியில் இருக்கட்டும். முதல் தடவை ஃபில்டரை இறக்க நெட் வேண்டும். லேயரை நகலெடுத்து, 'அவுட்புட் டெப்த் மேப் ஒன்லி' டிக் செய்தால், கிட்டே, தூரம் என்பதைச் சாம்பலின் அடர்த்தியால் காட்டும் படம் ஒன்று கிடைக்கும். இதுதான் டெப்த் மேப். அதைக் காப்பி செய்து, சேனல்ஸில் புது ஆல்ஃபா சேனல் (படத்தோடு சேர்த்து வைக்கும் கூடுதல் சாம்பல் சேனல்) திறந்து ஒட்டுங்கள்.

உழைப்பு இனிமேல்தான்: அந்தச் சேனலில் கணிப்பின் பிழைகளைத் திருத்த வேண்டும். பெண்ணின் காதுக்குப் பின்னால் தொங்கும் மல்லிகைச் சரத்தை 200 சதவீதத்தில் பாருங்கள். வெள்ளைப் பூவுக்குப் பின்னால் வெளிறிய தூண். ஃபில்டர் பூவையும் தூணோடு சேர்த்துவிடும். பாதிச் சரம் கரைந்துபோகும். கழுத்தின் சாம்பலை ஐட்ராப்பரில் எடுத்து, ஹார்ட்னஸ் 70 வைத்த சின்ன பிரஷ்ஷால் பூ பூவாகத் தொட வேண்டும். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள சந்து இதற்கு நேர் எதிர்: அது தெளிவாகவே நின்று ஒட்டுப் போட்டது போலத் தெரியும். அங்கே பக்கத்துத் தூணின் சாம்பலை அடியுங்கள். பாதமும் அதை ஒட்டிய தரையும் ஒரே சாம்பலில் இல்லையென்றால் ஜோடி அந்தரத்தில் நிற்கும்.

பிறகு டெப்த் மேப் லேயரை மறைத்துவிட்டு, அசல் படத்தின் லேயரில் லென்ஸ் பிளர். சோர்ஸில் ஆல்ஃபா 1 தேர்ந்தெடுத்து, பிரிவியூவில் முகத்தைக் கிளிக் செய்தால் ஃபோகஸ் அங்கே உட்காரும். 12×36 இஞ்ச் ஷீட்டுக்கு, 300 டிபிஐயில், ரேடியஸை 20இல் தொடங்கிப் பாருங்கள். சீரியல் பல்பு பின்னணி என்றால் ஸ்பெகுலர் ஹைலைட்ஸில் திரெஷோல்டு 245, பிரைட்னஸ் 15. விளக்குகள் வட்டமாக மலரும். நாய்ஸ் 1, 2 போதும். அது இல்லையென்றால் மங்கிய பகுதி மட்டும் வழவழவென்று தனித்துத் தெரியும்.

அரக்குப் பட்டின் நிறம் தூணில் கசிந்தால் ரேடியஸைக் குறைத்துப் பயனில்லை. பின்னணி லேயரில் ஜோடியை கன்டென்ட் அவேர் ஃபில்லால் (சுற்றியுள்ளதை வைத்துக் காலியிடத்தை நிரப்பும் கருவி) அழித்துவிட்டு மங்கலாக்கி, ஜோடியை மட்டும் காட்டும் மாஸ்க்கோடு தனி லேயராக மேலே வையுங்கள். கூடுதலாகக் கால்மணி நேரம் பிடிக்கும், ஆனால் அச்சில் ஓரம் சுத்தமாக வரும்.

பிளக்ஸுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எழுத்தின் டிராப் ஷேடோவே (எழுத்துக்குப் பின்னால் விழும் நிழல்) ஆழம் தரும். அதன் கோணம் 120 டிகிரியில், அதாவது இடப்பக்கம் மேலிருந்து வெளிச்சம் வருவதாக இருந்து, முகத்தில் வெயில் வலமிருந்து விழுந்தால், 60க்கு மாற்றிவிட்டு பிரின்ட்டுக்கு அனுப்புங்கள்.