தொழில் ஆலோசனை என்று போனேன், படிப்பை விற்றுவிட்டார்கள்

நடுவயதில் வேலை மாற நினைத்து, 'பெரியவர்களுக்கான தொழில், கல்வி வழிகாட்டல் மையம்' என்று பலகை மாட்டிய இடத்துக்குப் போகவிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எதிரில் உட்காருபவர் ஆலோசகராக இல்லாமல், ஏதோ ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு ஆள் பிடிப்பவராகவும் இருக்கலாம். எனக்கு அப்படித்தான் வாய்த்தது.

பல ஆண்டுகள் கிடங்கில் சரக்கு இருப்புக் கணக்குப் பார்த்தவன் நான். ஆட்குறைப்பில் வேலை போனது. முதல் சந்திப்பு இலவசம் என்று ஒரு வட்டார மையம் அழைத்தது. போனதும் கணினிமுன் உட்காரவைத்து, இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் பிடிக்குமா, கவிதை எழுதப் பிடிக்குமா என்று வரிசையாகக் கேள்விகள். முடிவில் வண்ணவண்ணமாக ஒரு வட்டம் வந்தது. நான் 'ஆய்வு' வகையாம். விரிவான அறிக்கை வேண்டுமென்றால் தனிக் கட்டணம். அதையும் கட்டினேன்.

மனிதர்களின் தொழில் விருப்பங்களை ஆறு வகையாகப் பிரிக்கும் இந்த முறை அவர்கள் கண்டுபிடித்ததல்ல. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வளர்ந்தது. இதே அடிப்படையில் அமைந்த கேள்வித்தாளை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் இணையதளத்தில் யாரும் காசில்லாமல் நிரப்பிப் பார்க்கலாம். அது அளப்பது விருப்பத்தை மட்டுமே. உங்களுக்கு என்ன தெரியும், உங்கள் வட்டாரத்தில் என்ன வேலை காலியாக இருக்கிறது என்பதெல்லாம் அதில் வராது. ஆனால் ஆலோசகர் தயங்கவே இல்லை. 'ஆய்வு வகை, ஆகவே தரவுப் பகுப்பாய்வுப் படிப்பு' என்று ஒரே தாவலில் முடிவுக்கு வந்துவிட்டார். இன்றே சேர்ந்தால் கட்டணச் சலுகை, நாளைக்கு இல்லை என்றார். காத்திருப்பு அறையில் பேச்சுக் கொடுத்த ஒரு பெண்மணி மழலையர் பள்ளி ஆசிரியை. அவருக்குச் 'சமூக' வகை என்று வந்திருந்தது. அவருக்குச் சொன்னதும் அதே தரவுப் பகுப்பாய்வுதான்!

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதிவுசெய்த காணொலிகள், கடைசியில் ஒரு சான்றிதழ். நேர்காணலுக்கு அழைத்த ஓரிரு நிறுவனங்களும் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எந்தத் தர அமைப்பும் அந்தச் சான்றிதழை அங்கீகரிக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. மையத்தில் கேட்டால், 'ஆலோசனை சொன்னோம், சேர்ந்தது உங்கள் முடிவு' என்றார்கள். பிறகு கட்டண ரசீதை நன்றாகப் பார்த்தேன். 'பரிந்துரைத்தவர்' என்ற இடத்தில் அந்த ஆலோசகரின் பெயர். ஒவ்வொரு சேர்க்கைக்கும் மையத்துக்குக் கமிஷன் உண்டு என்பதைப் பயிற்சி நிறுவனத்தின் ஊழியரே, அதில் என்ன தவறு என்ற தொனியில், தொலைபேசியில் சொன்னார்.

பாஸ்டன் நகரில் 1908இல் தொழில் வழிகாட்டலுக்கென அலுவலகம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ் சொன்னது எளிமையானது: தன்னை அறிய வேண்டும், வேலைகள் எதைக் கோருகின்றன என்பதை அறிய வேண்டும், பிறகு இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்த ஆலோசனையில் முதலாவது அரைகுறை, மற்ற இரண்டும் இல்லவே இல்லை. கிடங்கில் நான் என்ன செய்தேன் என்று அந்த ஆலோசகர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வேலையில் கற்றதை மதிப்பிட்டுப் படிப்பில் விலக்கு தரும் 'முன்கற்றல் அங்கீகாரம்' பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவர் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். புதிய படிப்பு தேவையில்லை என்று ஆகிவிட்டால் கமிஷன் ஏது?

இதைத் தனிமனிதரின் பேராசை என்று மட்டும் விட்டுவிட முடியாது. எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று எண்ணிப் பணம் கொடுத்தால், எந்த மையமும் சேர்க்கைக் கடையாகத்தான் மாறும். ஆறு மாதம் கழித்து அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆலோசனை தருபவர் படிப்பு விற்கக் கூடாது. வட்டார முதலாளிகளின் உண்மையான காலிப்பணியிடப் பட்டியல் ஆலோசகரின் மேசையில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2012இல் தொடங்கிய தேசியத் தொழில் சேவையும் ஜெர்மனியின் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையும் கட்டணமில்லாமல் வழிகாட்டுகின்றன. நீங்கள் வாழும் இடத்திலும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் இருந்தால், தனியார் மையத்துக்கு முன் அங்கே போய்க் கேளுங்கள்.

எங்கே போனாலும், நான் இந்தப் படிப்பில் சேர்ந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். சான்றிதழை அங்கீகரித்த அமைப்பின் பெயரை வாங்கி, அந்த அமைப்பிடமே விசாரியுங்கள். 'இன்று மட்டும்' என்ற சலுகைக்கு அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் விண்ணப்பம், ரசீது, விளம்பரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு, கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வரவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போக அதுதான் சான்று. தொலைபேசிப் பேச்சை நம்பாதீர்கள். என்னிடம் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட கமிஷன் விவரத்தை, மின்னஞ்சலில் கேட்டபோது அப்படி ஒன்றே கிடையாது என்று பதில் எழுதினார்கள்.